ஆயிரம் ரூபா தண்டமும் வாசிக்க முடியாத தாளும்

சில வாரங்களுக்கு முன்னர் வடக்கில் ஒரு நகரத்துச் சந்தியில் போக்குவரத்துப் பொலிஸார் என்னுடைய மோட்டார் சைக்கிளை மறித்தார்கள். காலை ஒன்பது மணியிருக்கும். ஒரு நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வரிப்பத்திரம் மூன்றும் சரியாக இருந்தன. உத்தியோகத்தர் இளைஞர். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். பத்திரங்களைத் திருப்பித் தரப்போனவர் முன்சில்லுக்கு மேலே இருந்த இலக்கத் தகட்டைக் கவனித்தார்.

"தம்பி, இது கடை பிளேட் தானே?"

கடைத் தகடுதான். திணைக்களம் வழங்கிய முன்தகடு ஒருநாள் மழைக்குள் பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது இரண்டாக உடைந்துவிட்டது. முறைப்படி என்றால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, புதிய தகட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அதே எழுத்துகள், அதே இலக்கம். அடுத்த மாதம் ஒழுங்காக விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த மாதம் ஏழு மாதமாக வரவேயில்லை.

"ஓம் சேர்" என்றேன்.

அவர் புத்தகத்தை எடுத்து எழுதினார். தாளைக் கிழித்துத் தந்தார். அனுமதிப்பத்திரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தாளில் அச்சிடப்பட்ட பகுதி மூன்று மொழிகளிலும் இருந்தது. அவர் கையால் எழுதிய பகுதி முழுவதும் சிங்களத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பிளேட் தம்பி. ஆயிரம். போஸ்ட் ஒபிஸ்ல கட்டுங்க" என்றார். அதட்டவுமில்லை, வேறு எதையும் எதிர்பார்த்து நிற்கவுமில்லை. அடுத்த வாகனத்தை மறிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். வாசிக்கத் தெரியாது. அன்றிரவு தாளைப் படம்பிடித்து, என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது கொழும்பில் வேலை செய்யும் நண்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல்பதிவு வந்தது. "நம்பர் பிளேட் இல்லாமல் ஓடினதெண்டு போட்டிருக்கு மச்சான். பிளேட்டைக் கழட்டிப்போட்டோ ஓடினனீ?"

ஆயிரம் ரூபாவைக் கட்டிவிட்டு மறந்திருக்க வேண்டிய விடயம் அந்தக் குரல்பதிவோடு வேறாகிவிட்டது. நான் செய்தது ஒரு தவறு. தாளில் இருந்தது இன்னொரு தவறு. இரண்டுக்கும் தண்டப்பணம் ஒன்றுதான். ஆனால், தகடு இல்லாமல் ஓடினேன் என்பது உண்மையல்ல. கட்டுவதா, வழக்காடுவதா என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கினேன்.

பதினான்கு நாட்கள்

இந்த நாட்டில் வாகனம் ஓட்டும் எவருக்கும் இந்த நடைமுறை ஓரளவு தெரிந்திருக்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 33 சிறு குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே தண்டப்பணப் பத்திரம் எழுதலாம். பட்டியலில் முதலாவது இலக்கத் தகடு பற்றியதுதான். அதற்கு ஆயிரம் ரூபா. வரிப்பத்திரத்தைக் கொண்டு செல்லாமல் விடுவதற்கும், தலைக்கவசம் அணியாமல் ஓடுவதற்கும் அதே ஆயிரம். வேகக் கட்டுப்பாட்டை மீறினால் மூவாயிரம்.

தாள் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் சாரதி அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அந்தத் தாள்தான் தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாட்கள் தாண்டினால் தொகை இருமடங்காகும். 28 நாட்களும் தாண்டினால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். பணத்தைக் கட்டிவிட்டால் அந்தக் குற்றம் தொடர்பில் அதற்குமேல் வழக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நியாயமானது. முன்தகடு உடைந்தவர்களும் வரிப்பத்திரத்தை வீட்டில் மறந்து வந்தவர்களும் நீதிமன்ற வளாகத்தில் வரிசையில் நின்றால் நீதவானுக்கும் நேரமில்லை, அவர்களுக்கும் நேரமில்லை. சிறு தவறைச் சிறு தொகையோடு முடித்துவிடுவது இரு தரப்புக்கும் வசதி.

ஆனால், இதில் ஒரு பேரம் இருக்கிறது. அரசு சொல்வது இதுதான்: நீ எதிர்த்துப் பேசாதே, நான் குறைவாக வாங்குகிறேன். எதிர்த்துப் பேச விரும்புபவருக்கென்று தனியாக ஒரு வாசல் இல்லை. பணத்தைக் கட்டாமல் விட வேண்டும். தொகை இருமடங்காகும் நாட்களைக் கடக்க வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் சுற்றவாளி என்று சொல்ல வேண்டும். மறுப்புத் தெரிவிப்பவரும் தட்டிக்கழிப்பவரும் ஒரே பாதையில்தான் போக வேண்டியிருக்கிறது.

கணக்குப் பார்த்தேன்

நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில் பழக்கமான சட்டத்தரணி அக்கா ஒருவரிடம் கேட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உம்மட கதையில உமக்கு நல்லா இருக்கிற பகுதி, பிளேட் இருந்தது எண்டது. கூடாத பகுதி, அது கடை பிளேட் எண்டு நீரே சொல்லுறீர். நீதவான் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"உள்ளதைத்தான் சொல்லுவன்."

"அப்ப அவையள் குற்றப்பத்திரத்தைத் திருத்துவினம். சரியான பிளேட் போடேல்லை எண்டு. தீர்ப்புக்கு முதல் எப்பவும் திருத்தலாம். நீர் ஓம் எண்டு சொல்லுவீர். தண்டம் கட்டிப்போட்டு வருவீர். அந்தத் தண்டம் ஆயிரமாத்தான் இருக்கும் எண்டும் இல்லை."

அவர் சொன்னதை வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆயிரம் ரூபாவும், தபாலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் போகிற ஒரு முற்பகலும். மறுபக்கம் முதல் தவணைக்கு ஒரு நாள், சுற்றவாளி என்று சொன்னால் விசாரணைக்கு இன்னொரு நாள், பொலிஸ் சாட்சி அன்று வராவிட்டால் மூன்றாவது நாள். சட்டத்தரணி வைத்தால் அவருக்குக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதிப்பத்திரம் கையில் இல்லாத வாரங்கள். தாளின் தற்காலிக அனுமதி முடிந்தபிறகு மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்த வேண்டும். எழுதும் கட்டுரைக்கு மட்டும் சம்பளம் வாங்கும் எனக்கு, பேருந்து இரண்டு நேரம் மட்டும் ஓடும் ஊர்களுக்குப் போகாமல் தொழில் இல்லை.

அமெரிக்கச் சட்ட அறிஞர் மல்கம் ஃபீலி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஒரு கீழ்நிலைக் குற்றவியல் நீதிமன்றத்தை ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். 'நடைமுறையே தண்டனை' என்பது அதன் தலைப்பின் பொருள். சிறு வழக்குகளில் அகப்பட்டவர்களுக்கு இறுதியில் கிடைக்கும் தண்டனையைவிட, அதுவரை அலைந்த அலைச்சலும் இழந்த சம்பளமும் பெரிதாக இருக்கின்றன என்பது அவர் கண்டது. குற்றமற்றவரும் ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போவது அறியாமையால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். நம் ஊர்ச் சந்திகளில் இதை விளங்கிக்கொள்ள நூல் தேவையில்லை. "கட்டிப்போட்டு அலுவலைப் பாருங்கோ" என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. தாளைப் பற்றிக் கேள்விப்பட்ட அயலவர் ஒருவர், "எழுத முதலே கையில ஏதும் குடுத்திருந்தால் முடிஞ்சிருக்கும்" என்றார். கெட்ட மனிதர் அல்லர். ஆயிரம் ரூபாவும் ஒரு முற்பகலும் தெரியாத மொழியில் ஒரு தாளும் ஒரு தட்டில் இருந்தால், மறுதட்டில் ஐந்நூறு ரூபா இலேசாகத்தான் தெரியும். அன்று என்னை மறித்த உத்தியோகத்தர் அப்படி எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகட்டுக்காக வழக்குக்குப் போனவர்கள்

வாகன இலக்கத் தகட்டை நாங்கள் சிறிய விடயமாகப் பேசுகிறோம். இதே தகட்டுக்காக எங்கள் பாட்டன் பாட்டி காலத்தவர்கள் தெரிந்தே சட்டத்தை மீறி வழக்கைச் சந்தித்தார்கள்.

தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது 1956இல். அதைத் தொடர்ந்து வாகன இலக்கத் தகடுகளில் அதுவரை இருந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1957 ஜனவரியில் தமிழரசுக் கட்சி சிறீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. வாகனங்களில் தமிழ் எழுத்தைப் பொறித்து ஓட்டினார்கள். சிங்கள எழுத்தின் மேல் தார் பூசினார்கள். வழக்குகளைச் சந்தித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பேருந்துகள் சிங்கள எழுத்துத் தகட்டோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் வெடித்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. அடுத்த மாதம் நடந்தது இந்நாட்டின் இருண்ட நாட்களில் ஒன்று.

அந்தத் தகடு இப்போது புதிதாக வழங்கப்படுவதில்லை. பின்னர் இலக்கங்கள் மட்டும் கொண்ட தகடுகள் வந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துகள் வந்தன, அவற்றோடு மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துகளும் சேர்ந்தன. என்னுடையது கொழும்பில் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள். அதில் மேல் மாகாணத்துக்கான 'டபிள்யூ.பி.' இருக்கிறது. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு வாகனம் கைமாறும்போதெல்லாம் தகடு மாற்ற வேண்டியிருந்த சிக்கல் காரணமாக, 2023 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து புதிய தகடுகளில் மாகாண எழுத்துகளும் கைவிடப்பட்டன.

ஒரு காலத்தில் இரத்தம் சிந்த வைத்த தகட்டிலிருந்து மொழி இப்படிப் படிப்படியாக நீங்கிவிட்டது. யாருடைய மொழியிலும் இல்லாத எழுத்துகளில் எல்லோரும் ஓடுகிறோம். மொழிப் பிரச்சினை தகட்டை விட்டிறங்கி, தகட்டைப் பற்றி எழுதித் தரப்படும் தாளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தகடு எல்லோர் கண்ணிலும் படும். தாள் ஒருவரின் சட்டைப்பைக்குள் இரண்டு வாரம் இருந்துவிட்டு மறைந்துபோகும். அதனால் அதற்காகப் போராட்டம் எதுவும் நடப்பதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

இந்த விடயத்தில் சட்டத்தில் குழப்பமில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. நீதிமன்ற மொழி பற்றி 24ஆவது உறுப்புரை பேசுகிறது. மொழி உரிமை மீறப்பட்டால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாத அவகாசம் உண்டு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதற்கு எவரும் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஆக, வடக்கில் ஒரு சந்தியில் தமிழ் பேசும் ஒருவருக்கு அவர்மீதான குற்றச்சாட்டைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்பது சலுகை அல்ல. நாட்டின் அதியுயர் சட்டமே சொல்லும் கடமை.

ஆயினும் ஆயிரம் ரூபாத் தாளுக்காகக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுத்தாக்கல் செய்பவர் யார்? உரிமையின் பெறுமதியும் அதைக் கேட்கப் போகும் செலவும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும்போது, உரிமை புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். பெரிய மீறல்களுக்கு ஆட்கள் திரள்வார்கள், அமைப்புகள் வரும், செய்தி வரும். சின்ன மீறல்களை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கட்டி மூடிவிடுகிறோம்.

அந்த இளம் உத்தியோகத்தரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தெற்கிலிருந்து இடமாற்றத்தில் வந்தவர். பேசுவதற்குத் தேவையான தமிழைப் பழகிக்கொண்டிருக்கிறார். வெயிலில் நின்றுகொண்டு இன்னொரு மொழியில் பிழையில்லாமல் எழுது என்று அவரிடம் கேட்பது, நாளை என்னைச் சிங்களத்தில் கட்டுரை எழுதச் சொல்வதற்குச் சமம். சுருக்கமாக எழுதியிருக்கிறார். "முறையான தகடு இல்லை" என்று வரவேண்டியது "தகடு இல்லை" என்று வந்திருக்கலாம். அவர் எழுதியதை நான் அந்த இடத்திலேயே வாசிக்க முடிந்திருந்தால், "சேர், பிளேட் இருக்கே" என்று சொல்லியிருப்பேன். அவரும் ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சட்டத்தரணி அக்காவின் விளக்கத்தில் நான் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். என்னுடைய வழக்கு தகட்டைப் பற்றியதல்ல. தகட்டு விடயத்தில் நான் தோற்க வேண்டியவன், தோற்பதுதான் நியாயம். தாளைப் பற்றிய குறை வேறு. அதை நீதவான் முன்னால் என் தவறுக்குக் கேடயமாகப் பிடித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

தபாலக வரிசையில்

பதினோராம் நாள் வரை முடிவெடுக்காமல் இழுத்தேன். அன்று வேறொரு அலுவலாகத் தபாலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் கையிலும் அதே மாதிரித் தாள். கையெல்லாம் சீமெந்து காய்ந்திருந்தது. மேசன் வேலைக்குப் போகிறவர் போல. என் கழுத்தில் தொங்கிய ஊடக அடையாள அட்டையைப் பார்த்திருக்க வேண்டும்.

"தம்பி, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. ஹெல்மட்டுக்கோ, லைசென்சுக்கோ தெரியேல்லை. ரெண்டையும் பற்றித்தான் கதைச்சவர்."

வாங்கிப் பார்த்தேன். தொகை விளங்கியது. திகதி விளங்கியது. மற்றது எதுவும் விளங்கவில்லை. தெரியவில்லை அண்ணை என்று திருப்பிக் கொடுத்தேன்.

"படிச்ச உங்களுக்கே தெரியேல்லை எண்டால் நான் ஆரிட்டக் கேக்கிறது" என்று சொல்லிவிட்டு, பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். தன்னிடம் எதற்குத் தண்டம் வாங்கினார்கள் என்பது தெரியாமலே அவருடைய விடயம் முடிந்துவிட்டது.

தண்டம் விதிப்பதன் நோக்கம் பணம் சேர்ப்பது மட்டுமென்றால் அங்கே எந்தக் குறையும் நடக்கவில்லை. பணம் வந்துவிட்டது. ஒருவர் தன் தவறை அறிந்து அடுத்தமுறை செய்யாமலிருப்பது நோக்கமென்றால், அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. தலைக்கவசமா, அனுமதிப்பத்திரமா என்று தெரியாதவர் நாளை எதைத் திருத்திக்கொள்வார்?

கட்டுவது இலகுவாகிறது, மறுப்பது?

இப்போது இந்த நடைமுறை மாறிக்கொண்டிருக்கிறது. அரச கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' என்ற இணையவழி ஏற்பாடு 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குருணாகல்–அநுராதபுரம் வீதியில் போக்குவரத்துத் தண்டப்பணத்தை அதன்மூலம் செலுத்தும் பரீட்சார்த்தத் திட்டம் ஆரம்பமானது. பின்னர் வேறு பகுதிகளுக்கும் விரிந்தது. வீதியோரத்தில் நின்றபடியே தொலைபேசியில் கட்டிவிட்டு, அனுமதிப்பத்திரத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். தபாலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலையத் தேவையில்லை. கையில் காசு மாறும் சந்தர்ப்பமும் குறையும். நல்ல விடயம்தான், வரவேற்க வேண்டும்.

ஆனால், கணக்கின் ஒரு தட்டு மட்டும் இலேசாகிறது. கட்டுவதற்கு முன்பு ஒரு முற்பகல் தேவைப்பட்டது, இனி இரண்டு நிமிடம் போதும். மறுப்பதற்குத் தேவையான நாட்கள் குறையவில்லை. முன்பாவது தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்லவும், யோசிக்கவும் 14 நாட்கள் இருந்தன. வீதியோரத்தில் அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் யார் யோசிப்பார்கள்?

அதேவேளை, இதுவரை கடினமாக இருந்த ஒன்றை இந்த மாற்றம் மிக எளிதாக்கவும் கூடும். குற்றங்கள் 33தான். அவை ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. உத்தியோகத்தர் எந்த மொழியில் குற்றத்தைத் தெரிவு செய்தாலும், சாரதியின் தொலைபேசிக்கு அவர் விரும்பிய மொழியில் குறுஞ்செய்தி போகச் செய்யலாம். என்ன குற்றம், எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு தொகை என்ற நான்கு விபரமும் அதில் இருந்தால் போதும். அதே செய்தியின் கீழே, இதை ஏற்காவிட்டால் என்ன செய்யலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். மறுப்பவருக்கு நீதிமன்றத்துக்கு முன்னதாக ஒரு படி வைத்து, மேலதிகாரி ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்துப் பதில் சொல்லும் ஏற்பாடு வந்தால், என்னுடையது போன்ற எழுத்துப் பிழை நீதவான்வரை போகவேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் உத்தியோகத்தர் புதிய மொழியில் எழுதப் பழக வேண்டியதுமில்லை. இது பெரும் செலவு பிடிக்கும் காரியமல்ல. வடிவமைக்கும் மேசையில் இதை நினைவூட்ட ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலக்கத் தகடு விடயத்தில் இப்படி நெகிழ்ந்து கொடுக்கலாம் என்பதை அண்மையில் கண்டோம். 2020இலிருந்து தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின், புதிதாகப் பதிவான வாகனங்களுக்குத் தகடு கிடைப்பதில் பெரும் தாமதம் ஏற்பட்டது. கடையில் செய்த தற்காலிகத் தகடுகளோடு புத்தம் புதிய வாகனங்கள் நாடெங்கும் ஓடின. அரசிடம் தகடு இல்லாதபோது கடைத் தகடு ஒரு தீர்வாக இருந்தது. இதை என் தவறுக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. நான் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்கள் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எடுத்த முடிவு

பன்னிரண்டாம் நாள் ஆயிரம் ரூபாவைக் கட்டினேன். வழக்காடவில்லை.

இது எல்லோருக்கும் பொருந்தும் முடிவு அல்ல. அந்த இடத்தில் நீங்கள் இருக்கவேயில்லை, வாகனம் உங்களுடையதல்ல, செய்யாத குற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்றால் கணக்குப் பார்க்காமல் மறுக்கத்தான் வேண்டும். முக்கியமாக, தொழிலுக்கு வாகனம் ஓட்டுபவர்கள் தங்கள் பெயரில் தவறான பதிவு சேர விடக்கூடாது. எதைச் செய்வதென்றாலும் முதலில் தாளைப் படம்பிடித்து வையுங்கள். வாசிக்க முடியாவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை கட்டாதீர்கள். 14 நாட்கள் இருப்பது அதற்கும்தான். வாங்கும் இடத்திலேயே, "இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கட்டிய அன்று மாலை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். தகட்டுத் தவறை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டதை முதல் பந்தியில் சொன்னேன். உத்தியோகத்தரின் பெயரையோ இலக்கத்தையோ எழுதவில்லை. அவரைத் தண்டிப்பதால் அடுத்த தாள் தமிழில் வரப்போவதில்லை. வடக்கு, கிழக்கில் தண்டப்பணப் பத்திரத்தின் கையெழுத்துப் பகுதியும் தமிழில் இருக்க வேண்டும், இணையவழி முறையில் மொழித் தெரிவு வேண்டும் என்று இரண்டு விடயங்களை மட்டும் கேட்டேன். தாளின் படத்தை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு ஆனது ஆயிரம் ரூபாவைவிட மிகக் குறைவு, நேரம் ஒரு மணித்தியாலம். வழக்காடும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. அந்த மேசன் அண்ணை போன்ற ஐம்பது பேர் இதேபோல ஐம்பது கடிதம் அனுப்பினால் எந்த அலுவலகமும் அதைத் தனிப்பட்ட ஒருவரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஐம்பது கடிதம் வரவேண்டுமென்றால், தாளில் இருப்பது பிழை என்று ஐம்பது பேருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது அனுமதிப்பத்திரம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. மேசையிலிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பிளேட் மாத்திட்டீங்களா?" என்று நல்ல தமிழில் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உடைந்த தகட்டுக்கான முறைப்பாட்டை அங்கேயே பதிந்துகொண்டேன். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்க்கக் கேட்டேன். அது தமிழில் இருந்தது, சரியாகவும் இருந்தது.

தகட்டுக்கான விண்ணப்பம் போய்விட்டது. கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுவேன்.